கடற்படை வீரரும் சேவை நாயும்: தொடக்கநிலையினருக்கு ஓர் அறிமுகம்

கேப் டவுனுக்குத் தெற்கே சைமன்ஸ் டவுன் என்ற கடற்படை ஊரில், ஜூபிலி சதுக்கத்தில் ஒரு கிரேட் டேன் நாயின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1985ல் வைத்தது. நாயின் பெயர் ஜஸ்ட் நியூசன்ஸ். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே பிரிட்டிஷ் அரச கடற்படையின் தளம் இருந்தது. மாலுமிகள் ரயிலேறி கேப் டவுன் போகும்போதெல்லாம் இதுவும் கூடவே ஏறிக்கொள்ளும். ரயில்வேக்காரர்கள் இறக்கிவிட்டால் அடுத்த வண்டியில் ஏறும். இப்படியே போனால் நாயைக் கொன்றுவிட வேண்டியதுதான் என்று எச்சரிக்கை வந்தது. மாலுமிகளும் ஊர்க்காரர்களும் கடற்படை மேலிடத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். முடிவில் 1939 ஆகஸ்ட் மாதம் நாயையே கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். படையில் இருப்பவருக்கு ரயில் இலவசம். அதோடு பிரச்சினை தீர்ந்தது. 1944 ஏப்ரல் 1ஆம் தேதி அது இறந்தபோது, படைமரியாதையோடு ஊருக்கு மேலே மலையில் புதைத்தார்கள். அரச கடற்படையில் முறைப்படி சேர்க்கப்பட்ட ஒரே நாய் அதுதான்.

தென்னாப்பிரிக்காவில் 'கடற்படையும் நாயும்' என்றாலே பலருக்கும் இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். ஆனால் இன்று 'சேவை நாய்' என்று சொல்வது வேறொன்று. ஜஸ்ட் நியூசன்ஸ் ஒரு படைத்தளத்துக்கே தோழனாக இருந்தது. சேவை நாய்க்கு ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு உடலிலோ மனத்திலோ ஒரு குறைபாடு இருக்கும். அந்தக் குறைபாட்டால் அவரால் செய்ய முடியாததை, அல்லது தனியாகச் செய்யத் திணறுவதை, செய்வதற்கென்று அந்த நாய் பழக்கப்பட்டிருக்கும். 'அன்பாக இருக்கும்', 'ஆறுதலாக இருக்கும்' என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. என்ன வேலை, எப்போது செய்யும் என்று விரல்விட்டுச் சொல்ல முடிந்தால்தான் அது சேவை நாய்.

இந்த வேறுபாடு எனக்கு நன்றாக உறைத்தது டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மாமாவைப் பார்த்துத்தான். அம்மாவின் தம்பி. டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், 1970களில் இந்திய வம்சாவளி இளைஞர்களுக்கென்று கடற்படை ஜல்சேனா என்ற பயிற்சிப் பிரிவை நடத்தியது. மாமா அங்கே சேர்ந்து பயின்றவர். (அதே தீவின் பழைய கடற்படைக் கட்டிடங்களில்தான் 1961ல் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரியும் தொடங்கியது. எங்கள் பெரியவர்களில் பாதிப்பேர் அந்தத் தீவுக்குப் படகேறிப் போனவர்கள்.) தங்களுக்கு ஓட்டுரிமை இல்லாத ஒரு நாட்டின் சீருடையைப் போட்டுக்கொண்டதற்காக ஊரில் சிலர் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. கடலில் என்ன பார்த்தார் என்று அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

மாமா வீட்டில் ஒரு நாய் உண்டு. கலப்பினம், செம்மண் நிறம். பின்வாசல் படியில் கறிவேப்பிலை மரத்தடியில் அவர் உட்கார்ந்தால், வந்து அவர் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மட்டும்தான் அவர் தோள் தளர்ந்து பார்த்திருக்கிறேன். தீபாவளி இரவு வந்தால் கதை மாறிவிடும். தெருவில் முதல் வெடி வெடித்ததும் மாமா உள்ளே போய் எல்லா ஜன்னலையும் சாத்துவார், வானொலியைச் சத்தமாக வைப்பார், கூடத்தில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார். "உட்காருங்களேன்" என்று அத்தை சொன்னால், "இருக்கட்டும்" என்பார். உட்கார மாட்டார். நாய் எங்கே என்று பார்த்தால் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்கும்.

அந்த நாயின்மேல் குற்றமில்லை. அது வீட்டுச் செல்லம். அதற்குத் தெரிந்த அன்பை அது கொடுக்கிறது. ஆனால் அவருக்கு மிகவும் தேவைப்படுகிற அந்த அரைமணி நேரத்தில் அதனால் அவர் பக்கத்தில் நிற்க முடிவதில்லை. சேவை நாயிடம் எதிர்பார்ப்பது இதைத்தான். வெடிச் சத்தத்துக்கு மிரளாத நாயைக் குட்டியிலிருந்தே தேர்ந்தெடுத்து, மெல்ல மெல்லப் பழக்கி, சுற்றி என்ன நடந்தாலும் கவனம் தன் ஆள்மேல் இருக்கும்படி வளர்க்கிறார்கள். அப்படியும் பயிற்சிக்கு வரும் நாய்களில் பல பாதியிலேயே கழித்துவிடப்படும். சத்தத்துக்குப் பயப்படுவது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

இனி நோயைப் பற்றி. மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்பதைத் தமிழில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்' என்கிறோம். போருக்குப் போனவர்களுக்கு மனம் உடைவதை உலகம் எப்போதோ அறியும். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது 1980ல்தான். அறிகுறிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். நடந்தது அழைக்காமலே திரும்ப வரும்: கனவாக, பகலில் திடீர்க் காட்சியாக, உடம்பின் பதற்றமாக. அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் அவர் தவிர்ப்பார். மனம் இருண்டுபோகும், குற்ற உணர்வு இருக்கும், சொந்தக்காரர்களிடம்கூட ஒட்டாமல் போகும். நான்காவது, உடம்பு எப்போதும் விழிப்பிலேயே இருப்பது: தூக்கமின்மை, சிறு சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, சட்டென்று வரும் கோபம். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் அது நோய். எங்கள் வீடுகளில் இதற்கு 'நரம்புத் தளர்ச்சி', 'யாரோ கண்ணு வச்சுட்டாங்க', 'குடிச்சுக் கெட்டுப்போனார்' என்று வேறு வேறு பெயர்கள் உண்டு. பல குடும்பங்களில் மருத்துவரைப் பார்க்காமலே ஒருவரின் ஆயுள் கழிந்துவிடுகிறது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

கடற்படையில் இருந்தவருக்கு எங்கிருந்து அதிர்ச்சி வரும், அவர் போர்முனைக்கே போகவில்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1982 பிப்ரவரி 18 அதிகாலை, பிரெசிடென்ட் குரூகர் என்ற தென்னாப்பிரிக்கப் போர்க்கப்பல் கேப் முனைக்குத் தென்மேற்கே பயிற்சியில் இருந்தது. கூடவே வந்த டாஃபெல்பெர்க் என்ற எரிபொருள் கப்பலோடு மோதி மூழ்கியது. 16 பேர் இறந்தார்கள். இடித்த பக்கத்தில் இருந்தது படுக்கை அறைப் பகுதி. தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு. மற்றவர்கள் இருட்டில், கொந்தளிக்கும் குளிர்ந்த கடலில், மிதவைப் படகுகளில் காத்திருந்து மீட்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் 20ல் கோமிட்ஜி கடற்கரைக்கு அப்பால் மந்தாதிசி நீர்மூழ்கிக் கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்களைப் பேரலை அடித்துச் சென்று மூவர் இறந்தார்கள். இரண்டுமே போர் அல்ல. பிழைத்தவர்களும் மீட்கப் போனவர்களும் அந்த நாளைச் சுமந்துகொண்டுதான் வீடு திரும்பியிருப்பார்கள்.

கப்பல் வாழ்க்கைக்கென்று ஒரு தன்மையும் உண்டு. அங்கே தூக்கம் முறை வைத்துத்தான். நடுராத்திரியில் அபாய மணி அடித்தால், கண் திறக்குமுன் கால் தரையில் இருக்க வேண்டும் என்று உடம்பைப் பழக்கியிருப்பார்கள். இரும்புக் கதவை அடைத்துவிட்டால் வெளியேற வேறு வழி கிடையாது. மூளையில் ஆபத்தைக் கண்டு எச்சரிக்கும் பகுதிக்கு அமிக்டலா என்று பெயர். பேரதிர்ச்சிக்குப் பிறகு அது அடங்குவதில்லை. கப்பல் கரைக்கு வந்து கயிறு கட்டிய பிறகும் நிற்காமல் அடிக்கும் அபாய மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் யாரோ தட்டைக் கீழே போட்டால் போதும், அட்ரினலின் ஏறும், இதயம் படபடக்கும், கண் வாசலைத் தேடும். 'இது கடைதான், ஆபத்தில்லை' என்று மூளையின் முன்பகுதி சொல்லி முடிப்பதற்குள் உடம்பு ஓடத் தயாராகிவிடும்.

அந்த இடைவெளியில்தான் நாய்க்கு வேலை.

இரவுக் கனவை எடுத்துக்கொள்வோம். பயிற்சியாளர் கட்டிலில் படுத்து, தூங்குவதுபோல் நடிப்பார். மூச்சை வேகமாக்குவார், காலை உதைப்பார், முனகுவார். நாய் நிமிர்ந்து பார்த்தாலே முதலில் ஒரு தின்பண்டத் துண்டு கிடைக்கும். அடுத்து, அருகே வந்தால்தான் கிடைக்கும். அப்புறம் மூக்கால் கையைத் தொட்டால்தான். கடைசியில், தொட்டும் எழவில்லையென்றால் முன்னங்காலைக் கட்டிலில் வைத்து, முகத்தருகே வந்து, எழுந்து உட்காரும்வரை விடாமல் தொடர வேண்டும். விளக்குப் பொத்தானை அழுத்தவும் சில நாய்களைப் பழக்குகிறார்கள். இப்படிச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, அடியோ அதட்டலோ இல்லாமல், வெகுமதி கொடுத்தே கற்றுத்தருவார்கள். கனவு முற்றுமுன் எழுப்பிவிட்டால், அந்த ஆள் கண்ணைத் திறந்ததும் பார்ப்பது ஒரு நாயின் முகம். கை தானாகவே அதன் கழுத்து மயிரைத் தேடும். தான் இருப்பது கப்பலில் இல்லை, வீட்டில், படுக்கையில் என்று தெரிய அது போதும். மனைவி எழுப்பினால் தூக்கக் கலக்கத்தில் கை ஓங்கிவிடுவோமோ என்று பயந்தே தனியறையில் படுக்கும் பழைய வீரர்கள் உண்டு. நாய் வந்த பிறகு அந்தப் பயமும் கொஞ்சம் தணியும்.

வெளியே போனால் வேறு வேலைகள். கடை வரிசையில் நிற்கும்போது, பின்னால் ஆள் ஒட்டி நின்றால் அவருக்குத் தாங்காது. நாய் அவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் நடுவே குறுக்காக நின்றுகொள்ளும். யாரையும் பார்த்து உறுமாது, இடத்தை மட்டும் பிடித்து வைக்கும். பதற்றம் ஏறும்போது அவர் கால் ஆடத் தொடங்கும், நகத்தைப் பிய்ப்பார், மூச்சு மாறும். அவரே உணருமுன் நாய் அதைக் கவனித்து முழங்காலில் மூக்கால் தட்டும். 'எழுந்து வெளியே போகலாம்' என்ற சைகை அது. உட்கார்ந்திருந்தால் மடியில் தலையையும் மார்பையும் சாய்த்துப் பாரத்தை இறக்கும்; அந்த அழுத்தத்தில் உடம்பு மெல்ல அடங்கும். கண்ணால் பார்ப்பதோடு நாய் மோப்பமும் பிடிக்கிறது என்பதற்குத் தடயம் இருக்கிறது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024ல் வெளியிட்ட ஆய்வில், பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்கள் பழைய நிகழ்வை நினைத்தபோது விட்ட மூச்சுக் காற்றையும் அமைதியாக இருந்தபோது விட்டதையும் இரண்டு நாய்கள் பெரும்பாலும் சரியாகப் பிரித்தறிந்தன. முடிந்த முடிவு என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது, இரண்டே நாய்கள்தான். இருந்தாலும் 'அதுக்கு எப்படித்தான் தெரியுதோ' என்று நாய் வைத்திருப்பவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

இதோடு குழப்பிக்கொள்ளும் இரண்டு வகைகளைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் அழைத்துப்போய்ப் பலரும் தடவிக்கொடுக்கும் நாய் சிகிச்சை நாய். தன் இருப்பால் மட்டுமே ஒருவருக்குத் தெம்பு தரும் வீட்டு நாய் மனத்துணை நாய். மாமாவின் நாய் இந்தக் கடைசி வகை.

சேவை நாயால் உண்மையிலேயே பலன் உண்டா? அமெரிக்காவில் 156 முன்னாள், இந்நாள் படையினரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2024ல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு சேவை நாயும் பெற்றவர்களை, நாய்க்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மூன்று மாதத்தில் நாய் பெற்றவர்களிடம் நோயின் கடுமை குறைவாக இருந்தது. மனச்சோர்வும் பதற்றமும்கூடக் குறைந்திருந்தன. ஆனால் இன்னாருக்கு நாய் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை அது. அதற்கு முன்பு அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை சேவை நாயையும் மனத்துணை நாயையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நோய் அறிகுறிகளில் சேவை நாய்ப் பக்கம் கொஞ்சம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. அன்றாடச் செயல்திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: நாய் உதவுகிறது, நோயைத் துடைத்தெடுத்துவிடுவதில்லை. அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சைகளுக்கும், கண்ணசைவு முறை எனப்படும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சைக்கும், செர்ட்ரலின் போன்ற மருந்துகளுக்கும் நல்ல சான்று இருக்கிறது. அவற்றின் இடத்தில் நாயை வைக்கக் கூடாது. சிகிச்சைக்குப் போக வீட்டைவிட்டு வெளியே காலடி வைக்க வேண்டுமே, அதற்கு நாய் துணை. காலை ஆறு மணிக்கு நாயை நடத்திக் கூட்டிப்போயே ஆக வேண்டும் என்பதால் படுக்கையைவிட்டு எழுகிறவர்கள் உண்டு.

அந்தப் பிணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாரையும் நம்பவே முடியாமல் போன மனிதர், தன் தூக்கத்தை ஒரு நாயிடம் ஒப்படைக்கிறார். அவர் உணவு போடுகிறார், பல் துலக்கிவிடுகிறார், வெயிலில் அதன் பாதம் சுடுகிறதா என்று தரையில் தன் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். பதிலுக்கு நாய் அவரை எதுவும் கேட்பதில்லை, 'என்ன நடந்தது' என்று துருவுவதில்லை. கவனித்துக்கொள்ளப்படுபவராக மட்டுமே இருந்தவர் கவனித்துக்கொள்கிறவராக மாறுவது பெரிய விஷயம். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நாய் எட்டுப் பத்து ஆண்டு உழைக்கும். பிறகு ஓய்வு, முதுமை, இறப்பு. அந்தத் துயரத்துக்கும் குடும்பம் தயாராக வேண்டும். உணவுச் செலவு, கால்நடை மருத்துவர் செலவு வேறு. நாயைப் பார்த்துக்கொள்ளத் திராணியில்லாத நிலையில் இருப்பவருக்கோ, வீட்டில் வன்முறை நடக்கும் இடத்திலோ நாயைத் தரக் கூடாது. அது நாய்க்குச் செய்யும் அநியாயம்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு நாய் என்றால் ஒரு தயக்கம் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. நிறவெறிக் காலத்தில் கூட்டத்தின்மேல் போலீஸ் நாய்களை ஏவியதைக் கண்ணால் பார்த்த தலைமுறை இது. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் வெறிநோய் இன்னும் ஒழியவில்லை. நாய்க்குத் தடுப்பூசி போடுவது சட்டப்படி கட்டாயம். அதோடு 'விளக்கேத்துற வீட்டுல நாயா' என்ற பேச்சும். பைரவருக்கு நாய்தானே வாகனம், கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று தருமர் நின்ற கதையையும் இதே வீடுகளில்தான் சொல்கிறோம். பூஜை அறைக்குள் நாய் வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாண மண்டபத்தில், கோயில் சாப்பாட்டுக் கூடத்தில், கடைசி வரிசையில் ஒரு மூலை கிடைத்தால் ஒரு மனிதர் தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு வர முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது? தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், மாற்றுத்திறனாளி ஒருவர் சமூகத்தில் இயங்கத் தேவையான துணை வசதியை மறுப்பதையோ பறிப்பதையோ நியாயமற்ற பாகுபாடு என்கிறது. அடுக்ககங்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: 2016ல் வந்த மாதிரி நடத்தை விதிகளின்படி, மாற்றுத்திறனாளிக்கு வழிகாட்டி நாயோ உதவி நாயோ நியாயமாகத் தேவைப்பட்டால், அடுக்ககத்தை நிர்வகிக்கும் அறங்காவலர்களின் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். அடுக்ககத்தின் பொது இடங்களிலும் நாய் அவரோடு வரலாம். இதற்கு நாமும் ஒன்று செய்ய வேண்டும். வீட்டு நாய்க்கு ஒரு மேலங்கி வாங்கி மாட்டி 'சேவை நாய்' என்று கடைக்குள் கூட்டிப்போகாதீர்கள். அது அங்கே குலைத்தால், அடுத்து வரும் உண்மையான சேவை நாயைத்தான் கடைக்காரர் வாசலில் நிறுத்துவார்.

சேவை நாயை எங்காவது பார்த்தால் கூப்பிடாதீர்கள், தடவாதீர்கள், தின்ன எதுவும் நீட்டாதீர்கள். முதலில் மனிதரிடம் பேசுங்கள். "உங்களுக்கு என்ன பிரச்சினை" என்று கேட்க வேண்டாம். நாய் மட்டும் தனியாக உங்களிடம் ஓடிவந்து சட்டையை இழுத்தால், பின்னாலேயே போய்ப் பாருங்கள்; அதன் ஆளுக்கு உதவி தேவைப்படலாம்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் நாயிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் நோய் உறுதியாக வேண்டும். 2011ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டத்தில், பேரதிர்ச்சி உளைச்சல் உள்ளவர்களுக்கு ஆலோசனையும் சிகிச்சையும் தருவது ஒரு சலுகையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1994க்கு முந்தைய படைகளில் இருந்தவர்களும் அந்த வரையறைக்குள் வருவார்கள். அதைப் பெற முன்னாள் படைவீரர் துறையின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பழைய படை எண்ணும் விடுவிப்புத் தாளும் இருந்தால் எடுத்து வையுங்கள். படையோடு தொடர்பில்லாமல் பொதுவாக விசாரிக்க, தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவான சடாக் நல்ல வாசல், தொலைபேசியிலேயே பேசலாம். மருத்துவர் நாய் உதவும் என்று சொன்ன பிறகு பயிற்சி நிறுவனத்தை அணுகுங்கள். 1953ல் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் பார்வையற்றோர் வழிகாட்டி நாய்ச் சங்கம் இப்போது சேவை நாய்களையும் பயிற்றுவிக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பவரின் தேவைக்கு ஏற்ற நாயை அவர்கள் தருவார்களா, இல்லையென்றால் யாரைக் கேட்கலாம் என்று அங்கே விசாரிக்கலாம். எந்த நிறுவனமானாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நாய் எந்தெந்த வேலைகளைச் செய்யும், வெடிச் சத்தத்தில் அதைச் சோதித்தார்களா, நாயைக் கொடுத்த பிறகு எத்தனை காலம் வந்து பார்ப்பார்கள். காத்திருப்பு நீளமாகத்தான் இருக்கும். ஒரு நாயை உருவாக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகிறது.

காத்திருக்கும் காலத்தில் தீபாவளி வரும், கை ஃபாக்ஸ் நாள் என்று வெடி வெடிக்கும் நவம்பர் 5 வரும், டிசம்பர் 31 வரும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், எத்தனை மணிக்கு வெடிக்கப்போகிறீர்கள், எப்போது முடிப்பீர்கள் என்று அவர் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.